தனுஷ்கோடி மணலுக்கு சின்ன ஜூம் கேமராவ எடுத்துட்டு போகலாமா, லென்ஸ எப்படி பாத்துக்கறது?

கேள்விய ஒருதடவ நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி சொல்லிடறேன். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம், மறுநாள் தனுஷ்கோடி, அங்கேர்ந்து நேரா கொடைக்கானல், மனைவி ரெண்டு பசங்களோட கார்ல அஞ்சு நாள். பெரிய கேமராவையும் ரெண்டு லென்ஸையும் சுமக்க மனசில்லாம செகண்ட் ஹேண்ட்ல சோனி ஆர்எக்ஸ்100 ஆறாவது மாடல் வாங்கிட்டீங்க. அதுக்கு மூடியும் கிடையாது, ஃபில்டர் மாட்ட மரையும் கிடையாது, லென்ஸ் கண்ணாடில கீறல் விழாம எப்படி பாத்துக்கறது, எந்த பை வாங்கறதுன்னு கேட்டிருக்கீங்க. கேள்வி கண்ணாடிய பத்தி இருந்தாலும் உங்க மனசுல இருக்கறது திரும்பி வரும்போது கேமரா ஓடுற நிலைல இருக்கணும்ங்கறதுதான்னு எடுத்துக்கறேன், ஏன்னா இந்த ரெண்டுக்கும் பதில் ஒண்ணு இல்ல.

நான் மதுரைல ஒரு கேமரா சர்வீஸ் கடைல பதினாறு வருஷம் பெஞ்சுல உக்காந்தவன். ஃபிலிம் கேமரா ரிப்பேர்ல ஆரம்பிச்சு அப்புறம் முழுக்க முழுக்க இந்த சின்ன டிஜிட்டல் கேமராதான், ராமேஸ்வரம் போயிட்டு வர்றவங்க திரும்புற வழில எங்க கடை இருந்ததால தனுஷ்கோடி மணல் எனக்கு நல்ல பழக்கம். அந்த பதினாறு வருஷத்துல முன் கண்ணாடில கீறல் விழுந்து அதனால படம் கெட்டுப்போச்சுன்னு வந்த காம்பாக்ட், அதாவது இந்த மாதிரி சின்ன கேமரா, ஒண்ணு கூட இல்ல, சத்தியமா ஒண்ணு கூட இல்ல. வந்ததுல பெரும்பாலும் மூணே ரகம், லென்ஸ் வெளிய வந்து உள்ள போக மாட்டேங்குது, இல்ல பாதில நின்னுடுச்சு, இல்ல எல்லா படத்துலயும் ஒரே இடத்துல கருப்பா புள்ளி இருக்கு. மூணுக்கும் காரணம் கண்ணாடிக்கு பின்னாடி இருக்கற குழாய்.

அந்த குழாய கொஞ்சம் விளக்கணும். கேமராவ ஆன் பண்ணினா லென்ஸ் அடுக்கு டம்ளர் மாதிரி ஒண்ணுக்குள்ளேர்ந்து ஒண்ணா வெளிய வருதில்ல, அந்த ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவுல இருக்கற சந்து பேப்பர் கனம்தான். உள்பக்கம் திருகு மாதிரி பள்ளம் வெட்டியிருப்பாங்க, சின்னச் சின்ன ஊசி அந்த பள்ளத்துல ஓடும், அத சுத்தறதுக்கு ஒரு குட்டி மோட்டாரும் நாலஞ்சு பிளாஸ்டிக் கியரும், கியர்ல சிலது மிளகு சைஸ்கூட இருக்காது. இதுல ஒரு மணல் போதும், ஒரு பிடி தேவையில்ல. இன்னொரு விஷயம், குழாய் நீளும்போது உள்ள இடம் பெருசாகுது, அப்ப வெளியேர்ந்து காத்த இழுக்கும், உள்ள போகும்போது காத்த தள்ளும். சைக்கிளுக்கு காத்தடிக்கிற பம்பு மாதிரிதான். நீங்க ஜூம் பண்ற ஒவ்வொரு தடவையும் கேமரா மூச்சு விடுது, அந்த மூச்சோட எது சுத்தி இருக்கோ அது உள்ள போகும். பெரிய கேமராவுல தூசி போனா லென்ஸ கழட்டி சென்சார, அதாவது படம் பதியற சில்ல, துடைச்சிடலாம், இதுல லென்ஸ் கழண்டு வராது, ஒரு தூசிக்காக மொத்தத்தையும் பிரிக்கணும்.

ஒருதடவ ஒருத்தர் தனுஷ்கோடிலேர்ந்து நேரா வந்தார், பையன் கேமராவ மணல்ல ஒரு நிமிஷம் வெச்சுட்டான் அவ்வளவுதான் சார்னார். ஆன் பண்ணினா கர்ர்ர்னு ஒரு சத்தம், லென்ஸ் கால்வாசி வந்து நின்னுடுச்சு, திரையில லென்ஸ் எர்ரர். பிரிச்சு பாத்தா ரெண்டாவது கியர் பல்லுக்கு நடுவுல ஒரே ஒரு மணல், பூதக்கண்ணாடில பாத்தா கல்கண்டு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. அத ஊசி முனைல எடுத்தேன், ஆனா வேலை அதோட முடியல. ஏன்னா எர்ரர் வந்ததும் அவர் போற வழியெல்லாம் ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு அமுக்கிட்டே வந்திருக்கார், மோட்டார் தள்ளித் தள்ளி கியர்ல மூணு பல்லு மழுங்கிடுச்சு. மணல் செஞ்சத விட அவர் விரல் செஞ்சது ஜாஸ்தி. லென்ஸ் யூனிட்டையே மாத்த வேண்டியதாச்சு, அதுக்கான காசுல அவர் அதே மாடல பழசா ஒண்ணு வாங்கியிருக்கலாம்.

சரி, நீங்க பயப்படற கண்ணாடிக்கு வர்றேன். என் சொந்த கேமரா முன் கண்ணாடில ஒரு மெல்லிசான கீறல் இருக்கு, அதோட கதையையே சொல்றேன், ஏன்னா அதுல ரெண்டு பாடம் இருக்கு. சென்னைலேர்ந்து ராத்திரி ஏசி பஸ், விடிய முன்னாடி ராமேஸ்வரத்துல எறங்கி ஆட்டோ புடிச்சு தனுஷ்கோடி கடைசில இருக்கற அரிச்சல்முனை. சூரியன் வர நேரம், கேமராவ எடுத்தா லென்ஸ் மொத்தமும் வெள்ளையா மூடிக்கிச்சு, குளிர்ந்த சொம்புல வேர்க்குமே அந்த மாதிரி. பஸ்ஸுக்குள்ள 20, 22 டிகிரில ராத்திரி பூரா கிடந்த கேமரா அது, வெளிய 27 டிகிரிதான், ஆனா கடலோரக் காத்துல ஈரப்பதம் 85 சதவீதம்னா சுமார் 24 டிகிரிக்கு கீழ இருக்கற எந்தப் பொருள் மேலயும் தண்ணி படிஞ்சே தீரும். நானே சர்வீஸ்காரன், எனக்கே அந்த நேரத்துல அறிவு வேலை செய்யல, சட்டை நுனிய எடுத்து தேச்சேன், மறுபடி மூடிச்சு, மறுபடி தேச்சேன், சட்டைல உப்பும் மணலும் இருந்திருக்கு. சூரியனும் போச்சு, கீறலும் விழுந்துச்சு. ஆனா அந்தக் கீறலோட அதுக்கப்புறம் ஆயிரக்கணக்குல படம் எடுத்துட்டேன், ஒண்ணுலயும் தெரியாது. முன் கண்ணாடில இருக்கறது சென்சார்ல ஃபோகஸ் ஆகுற தூரத்துல இல்ல, அதனால ஒரு சின்னக் கீறலோ தூசியோ கரைஞ்சு போயிடும். எதிர்வெயில்ல எடுக்கும்போது, இல்ல பூ எதுக்காவது ரொம்ப கிட்ட போய் வைட்ல, அதாவது ஜூம் பண்ணாம அகலமா, எடுக்கும்போது லேசா மங்கல் தட்டலாம், அவ்வளவே. கீறலவிட விரல் ரேகை எண்ணெய்தான் படத்த கெடுக்கும், விளக்க சுத்தி புகை மாதிரி பரவி நிக்கும், கான்ட்ராஸ்ட் போயிடும்.

ஃபில்டர் விஷயம். ஆர்எக்ஸ்100 வரிசையோட ஆரம்ப மாடல்களுக்கு சோனியே 49 எம்எம் ஃபில்டர் மாட்டற மாதிரி ஒட்டு வளையம் வித்தது, மத்த கம்பெனி வளையமும் கிடைக்கும், லென்ஸ் முன்னாடி பசை வெச்சு ஒட்டணும். நான் ஒட்ட மாட்டேன். யூவி ஃபில்டர், அதாவது புற ஊதா ஒளிய தடுக்கற கண்ணாடி, ஃபிலிம் காலத்துல ஒரு வேலை செஞ்சுது, டிஜிட்டல்ல சென்சார் முன்னாடியே யூவிய தடுக்கற கண்ணாடி இருக்கு, அதனால இப்ப அது வெறும் காவல்கார கண்ணாடி, காவல் வேண்டிய இடம் குழாய் சந்து, ஃபில்டர் அத மூடாது. மாட்டினா ஆஃப் பண்ணினப்புறமும் முன்னாடி துருத்திட்டு நிக்கும், பாக்கெட்ல போடற சுகமே போயிடும், எதிர்வெயில்ல கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒளி மோதி பச்சையா பொட்டு விழும். கூடுதல் எடையால மோட்டார் சீக்கிரம் தேயும்னு சொல்றவங்க இருக்காங்க, ஒட்டு வளையத்தோட வந்த கேமராக்கள்ல அப்படி ஒரு தனி தேய்மானத்த நான் பாக்கல, அதனால அத காரணமா சொல்ல மாட்டேன். கார்ல வெயில்ல கிடந்து பசை இளகி வளையம் கோணலா நின்ன கேமராவ மட்டும் பாத்திருக்கேன். போலரைசர் போட்டு கடல் பளபளப்ப குறைக்கணும்னு ஆசை இருந்தா அப்ப ஒட்டுங்க, காவலுக்காக வேண்டாம்.

மூடி இல்லன்னு கவலைப்படாதீங்க, ஆஃப் பண்ணினா ரெண்டு மெல்லிய தகடு வந்து கண்ணாடிய மூடிக்குதே அதுதான் மூடி. அது தூசியோ விரலோ படாம தடுக்கறதுக்குதான், காத்தடைப்பான கதவு இல்ல. அந்த தகட்ட மட்டும் விரலால அமுக்காதீங்க, பாதி திறந்து நின்னா பெரும்பாலும் இளநீரோ சன்ஸ்க்ரீனோ பட்டு ஒட்டியிருக்கும், சின்ன பிரஷ்ஷால தட்டிவிட்டு துணிய லேசா ஈரமாக்கி ஒத்தி எடுத்தா போதும், நகத்த விட்டு நெம்பினவங்க தகடு வளைஞ்சு எங்கிட்ட வந்திருக்காங்க.

பை பத்தி. முதல்ல எதுல வைக்கக்கூடாதுன்னு சொல்றேன். ஜீன்ஸ் பாக்கெட்ல நேரடியா போடாதீங்க, பாக்கெட் அடில இருக்கற பஞ்சு பிசிறு இருக்கே, ஒரு நாளைக்கு அத திருப்பிப் போட்டு பாருங்க, அது அப்படியே லென்ஸ் சந்துல போகும். சட்டைப் பாக்கெட்ல வெச்சா குழாயடில தண்ணி குடிக்க குனியும்போது விழும், இது அனுபவஸ்தர்கள் எல்லாருக்கும் ஒருதடவ நடந்திருக்கும். நகைக்கடைல குடுக்கற வெல்வெட் பை கச்சிதமா இருக்குன்னு நிறைய பேர் அதுல போடறாங்க, ஒரு அம்மா கேமரால சென்சார் மேல செவப்பா ஒரு இழை வளைஞ்சு கிடந்துச்சு, கடைப் பையோட கலரும் அதே செவப்பு. பாட்டி சுருக்குப் பையும் அதே கதைதான், பருத்தி நூல் உதிரும். நீங்க தேடவேண்டியது உள்பக்கம் வழவழன்னு இருக்கற, பிசிறு உதிராத, வெளிய கொஞ்சம் கெட்டியான உறை. கூலிங்கிளாஸ் வாங்கும்போது குடுக்கற கெட்டி பெட்டி சிலதுல இந்த கேமரா சரியா உக்காரும், உள்ள மைக்ரோஃபைபர் துணிய ஒரு சுத்து சுத்தி வெச்சா ஆயிரம் ரூபா பைய விட மேல். கெட்டியா இருக்கணும்னு ஏன் சொல்றேன்னா, இறுக்கமான துணிப் பையில பவர் பட்டன் தானா அமுங்கி, லென்ஸ் வெளிய வரப் பாத்து துணில முட்டி, மோட்டார் தள்ளிட்டே இருந்து கியர் போறது மணலுக்கு அடுத்தபடியான கொலைகாரன். உங்க மாடல்ல இன்னொரு வழியும் இருக்கு, இடதுபக்கம் ஒரு சின்ன தள்ளுவிசை இருக்கு பாருங்க, கண்ண வெச்சு பாக்கற வ்யூஃபைண்டர் மேல எழும்பறதுக்கு, அது எழும்பினாலே கேமரா ஆன் ஆயிடும். பைல சொருகும்போது அந்த பக்கம் துணில உரசிட்டு போகாம பாத்துக்கோங்க.

எடுத்துட்டு போற சாமான் கம்மிதான். கேமரா பேட்டரி கார்டோட 301 கிராம், கூட ரெண்டு உபரி பேட்டரி, ஏன்னா ஒரு பேட்டரி 240 படம்னு கம்பெனி கணக்கு, ரெண்டு பசங்க கூட இருந்தா மத்தியானத்துக்குள்ள காலி. ரெண்டு மெமரி கார்டு, தூசிய ஊத கையடக்க ரப்பர் பிளோயர் ஒண்ணு, மைக்ரோஃபைபர் துணி ரெண்டு, ஒண்ணு கண்ணாடிக்கு மட்டும் இன்னொண்ணு உடம்புக்கு, கலக்கவே கூடாது. ஜிப்லாக் கவர் மூணு, உள்ள போட சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலு. மணிக்கட்டுல மாட்டற கயிறு கட்டாயம், கழுத்துக் கயிறு வேண்டாம், குனியும்போது முன்னாடி ஆடி எதுலயாவது மோதும். லென்ஸ் வெளிய இருக்கும்போது விழுந்தா குழாய் கோணும், உள்ள இருக்கும்போது விழுந்தா பெரும்பாலும் உடம்புல ஒரு நசுங்கலோட தப்பிச்சிடும், இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே எடுக்காத நேரமெல்லாம் ஆஃப் பண்ணிடுங்க. எடுத்த படத்த பசங்களுக்கு காட்டணும்னா ஆஃப்ல இருக்கும்போது ப்ளே பட்டன அமுக்குங்க, பல காம்பாக்ட்ல லென்ஸ் வெளிய வராம படம் மட்டும் வரும், வீட்லயே ஒருதடவ செஞ்சு பாத்துக்கோங்க. இது எல்லாம் சேர்ந்தும் ஒரு கிலோ வராது.

ராமேஸ்வரத்துல கேமராவுக்கு வேலை கம்மி. கோயிலுக்குள்ள விடமாட்டாங்க, அமாவாசை அன்னைக்கு அக்னி தீர்த்தக் கரைல காலையில ஒரு சுத்து எடுத்துட்டு ரூம்ல வெச்சு பூட்டிட்டு அப்புறம் தீர்த்தமாட போங்க. 22 தீர்த்தம் வாளி வாளியா ஊத்துவாங்க, முடிச்சு ஈரத்தோட வந்த கையால கேமராவ தொடாதீங்க. விபூதி பூசின கையும் அப்படித்தான், விபூதி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு சுலபமா சந்துல இறங்கும், கூடவே விரல் எண்ணெயோட சேர்ந்து பசையா நிக்கும்.

தனுஷ்கோடிதான் பரீட்சை. 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டதுக்கு முன்னாடி வேன்ல மணலுக்குள்ளயே குலுங்கிட்டு போவாங்க, அப்ப வர்ற ரிப்பேரும் ஜாஸ்தி. இப்ப ரோடு இருக்கு, ஆனா நீங்க போறது ஆடி மாசம், ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லிருக்காங்க, மணல் எம்மாத்திரம். தென்மேற்குக் காத்து மன்னார் வளைகுடா பக்கத்துலேர்ந்து அடிக்கும். காத்துல போற மணல்ல பெரும்பங்கு தரையோட தரையா முழங்காலுக்கு கீழதான் துள்ளித் துள்ளி போகும், அதனால படுத்துக்கிட்டு, குத்தவெச்சுக்கிட்டு தாழ்வான கோணத்துல எடுக்கற ஆசைய அன்னைக்கு மட்டும் விட்டுடுங்க. நின்னு எடுங்க, காத்துக்கு முதுகு காட்டி, நெஞ்சோட அணைச்சு ஆன் பண்ணுங்க. எந்த ஜூம் வேணும்னு முதல்லயே முடிவு பண்ணி அங்க வெச்சுக்கோங்க, சும்மா உள்ள வெளிய உள்ள வெளியன்னு ஆட்ட வேண்டாம், மேல சொன்ன பம்பு ஞாபகம் இருக்கட்டும். 1964 டிசம்பர் புயல்ல இடிஞ்ச சர்ச் சுவர எடுக்க வைடே போதும், தூரத்து படகு வேணும்னா ஒருதடவ ஜூம முழுசா நீட்டி 200 எம்எம்க்கு போய் நாலு படம் எடுத்துட்டு வாங்க. பேட்டரி, கார்டு மாத்தறதெல்லாம் கார் கண்ணாடிய ஏத்திவிட்டு உள்ள உக்காந்துதான், அடில இருக்கற அந்த சின்னக் கதவு திறந்தா மணலுக்கு வாசல். பசங்க மணல்ல வீடு கட்டிட்டு அப்பா குடு நான் எடுக்கறேன்னு வருவாங்க, முதல்ல கைய கழுவி துடைச்சாதான் கேமரான்னு ஒரு சட்டம் போட்டுடுங்க. காத்து ரொம்ப முரடா இருந்தா நான் கேமராவ எடுக்கவே மாட்டேன், கார் உள்ளேர்ந்து ரெண்டு, மத்ததெல்லாம் மொபைல்ல, மொபைல்ல நீளற குழாய் கிடையாது.

அன்னைக்கு ராத்திரி ரூமுக்கு வந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. கேமராவ ஆன் பண்ணாதீங்க முதல்ல. ஃபேன ஆஃப் பண்ணிட்டு, ஆஃப்ல இருக்கற கேமராவ லென்ஸ் தரைய பாக்கற மாதிரி கவுத்துப் பிடிச்சு குழாய் வட்டத்த சுத்தி பக்கவாட்டுல பிளோயரால ஊதுங்க, நேரா சந்துக்குள்ள ஊதினா இருக்கறது இன்னும் உள்ளதான் போகும். கம்ப்யூட்டர் கடைல விக்கிற கேன் காத்து வேண்டவே வேண்டாம், அதோட வேகம் மணல உள்ள அடிச்சு ஏத்திடும். அப்புறம் உடம்புத் துணிய நல்ல தண்ணில நனைச்சு ஒட்டப் பிழிஞ்சு உடம்ப துடைங்க, கடல் உப்பு காஞ்சு போனாலும் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கறதும் உள்ள ஃப்ளெக்ஸ் கேபிள்ங்கற நாடா ஒயரோட முனை பச்சை பூக்கறதும் அதனாலதான். அதுக்கப்புறம் ஆன் பண்ணி, லென்ஸ் வெளிய வந்ததும் மறுபடி கவுத்துப் பிடிச்சு ஊதி, கடைசியாதான் கண்ணாடி. கண்ணாடியையும் முதல்ல ஊதணும், மணல் இருக்கும்போது துடைச்சா அதுவே உப்புத்தாள். துணிக்கு பதிலா வேட்டி நுனி, முந்தானை, வாயால ஊதறது எதுவும் வேண்டாம், வாயால ஊதினா எச்சில் தெறிக்கும்.

கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம், காத்தழுத்தம் சமவெளியவிட அஞ்சுல ஒரு பங்கு கம்மி, மலை ஏற ஏற சிப்ஸ் பாக்கெட் உப்பற மாதிரி உங்க ஜிப்லாக்கும் உப்பும், பயந்து திறந்துடாதீங்க. ஆடில அங்க மழையும் மேகமும் மாறி மாறி வரும். இந்த கேமராவுக்கு மழைத் தடுப்பு எதுவும் கிடையாது, தூறல்ல குடைக்கு கீழ நின்னு எடுங்க, லென்ஸ் நனைஞ்சிருந்தா அத துடைக்காம ஆஃப் பண்ணாதீங்க, ஈரக் குழாய் அப்படியே உள்ள போனா தண்ணிய உள்ள கொண்டுபோய் விடும். குளிர்லேர்ந்து சூடான இடத்துக்கு வரும்போதுதான் வேர்க்கும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. அதாவது மலை ஏறும்போது கவலையில்ல, மலை எறங்கி வத்தலக்குண்டு பக்கம் ஏசி கார்லேர்ந்து வெயில்ல எறங்கும்போதுதான் கவலை. அதுக்கு மருந்து ரொம்ப சுலபம், ஏசிக்குள்ளயே கேமராவ ஜிப்லாக்ல போட்டு காத்த பிதுக்கி மூடி, வெளிய வந்து அரை மணி நேரம் அப்படியே விடுங்க, வேர்வை கவர் மேல நிக்கும், கேமரா மெதுவா சூடாயிடும். இத நான் அன்னைக்கு அரிச்சல்முனைல செஞ்சிருந்தா சூரியன் கிடைச்சிருக்கும்.

ஃபங்கஸ் பத்தியும் கேப்பீங்க. அஞ்சு நாள்ல ஃபங்கஸ் வராது, ட்ரிப் முடிஞ்சு ஈரத்தோட லெதர் உறைல போட்டு பீரோல மூணு மாசம் பூட்டி வெச்சா வரும். ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து நின்னா அது வளர ஆரம்பிக்கும், 40லேர்ந்து 50க்குள்ள வெச்சா நிம்மதி. இறுக்கமா மூடற டிபன் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல் நிறம் மாறிட்டா மாத்துங்க. அரிசில போட்டு வைக்கறது எனக்கு பிடிக்காது, அரிசி ஈரத்த இழுக்கறது ரொம்ப மந்தம், அதுலேர்ந்து உதிர்ற மாவுத் தூசிய நான் கியர்லேர்ந்து சுரண்டி எடுத்திருக்கேன்.

ஒருவேளை எல்லாம் மீறி மாட்டிக்கிச்சுன்னா, கர்ர்னு சத்தம் கேட்டதும் உடனே பேட்டரிய கழட்டுங்க. ரெண்டாவது தடவ ஆன் பண்ணலாம், லென்ஸ கீழ பாக்க வெச்சு, பக்கவாட்டுல ஊதிட்டு, உள்ளங்கைல லேசா தட்டிட்டு. மூணாவது தடவ வேண்டாம். மெல்லிய பேப்பர் துண்ட சந்துல விட்டு சுத்தினா சில நேரம் மணல் வெளிய வரும், நானே செஞ்சிருக்கேன், ஆனா எந்த இடத்துல பிடிச்சிருக்குன்னு வெளியேர்ந்து தெரியாததால வேலை செய்யும்னு உறுதியா சொல்ல முடியாது. கையால பிடிச்சு இழுக்கறது, தள்றது, எண்ணெய் விடறது மூணும் கூடாது. எண்ணெய்னு சொன்னா சிரிப்பீங்க, தேங்காய் எண்ணெய் விட்டு கொண்டுவந்த ஒருத்தர் கேமராவ பிரிச்சப்ப கடைக்கே தலைக்கு வெச்ச மாதிரி வாசம்.

சென்சார் தூசிக்கு வேக்கம் க்ளீனர லென்ஸ் மேல வெச்சு ஜூம ஆட்டி தூசிய உறிஞ்சற வீடியோ நிறைய சுத்துது, அதப்பத்தி உங்களுக்கும் யாராவது சொல்லுவாங்க. புள்ளி போனதையும் நேர்ல பாத்திருக்கேன், மூடித் தகடு பிடுங்கிட்டு வந்ததையும் பாத்திருக்கேன், எத்தனைக்கு எத்தனைன்னு கணக்கு என்கிட்ட இல்ல, எப்படியும் பிரிக்கறதுதான் வழின்னு ஆன பழைய கேமராவுல வேணா விளையாடலாம்.

நீங்க வாங்கினது செகண்ட் ஹேண்ட்ங்கறதால ட்ரிப்புக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுங்க, ஏற்கனவே உள்ள என்ன இருக்குன்னு தெரியணும். ஏ மோடுல (லென்ஸ் துவாரத்த நாமளே வெக்கற மோடு) வெச்சு, ஐஎஸ்ஓ 125, துவாரம் ரொம்ப சின்னதா எஃப்/11, ஜூம் முழுசா 200, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ ஃபோகஸ் இல்லாம மங்கலா எடுங்க, கை ஆடினாலும் பரவால்ல. கம்ப்யூட்டர்ல பெருசா பாருங்க, தூசி இருந்தா சாம்பல் கலர்ல உருண்டையா புள்ளி தெரியும், படத்த மாத்தினாலும் அதே இடத்துல நிக்கும். துவாரத்த பெருசாக்கி எஃப்/4.5ல எடுத்தா அதே புள்ளி கரைஞ்சு போகும், அதனால வித்தவர் காட்டின படத்துல தெரிஞ்சிருக்காது. அப்புறம் அமைதியான ரூம்ல லென்ஸ முழுசா உள்ள வெளிய ரெண்டு தடவ ஓட்டி காத வெச்சு கேளுங்க, சீரா விர்ர்னு ஒரே சுருதில ஓடணும், நடுவுல எங்கயாவது நறநறன்னா முன்னாடி வெச்சிருந்தவரும் கடற்கரைக்கு போயிட்டு வந்தவர்தான். அந்த சுவர் படத்த இங்க கீழ போடுங்க, பாத்து சொல்றேன்.